இரண்டு மணி நேரமா, எட்டு மணி நேரமா: ஜப்பானியத் தொடர்களும் படங்களும்

ஜப்பானியத் திரைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தப் படம் நல்லா இருக்கும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பது. ஒரே கதை படமாக வந்தால் ஒரு மாதிரி இருக்கும், பதினொரு வாரத் தொடராக வந்தால் வேறு மாதிரி இருக்கும், தினமும் காலையில் 15 நிமிடமாக வந்தால் முற்றிலும் வேறாகிவிடும். பிடிக்கவில்லை என்று பாதியில் விட்டவர்களில் பலர் தவறான கதையை எடுக்கவில்லை. தங்கள் பொழுதுக்குப் பொருந்தாத வடிவத்தை எடுத்துவிட்டார்கள்.

தொடர் என்றதும் நமக்கு ஆயிரம் எபிசோடு சீரியல்தான் கண்முன் வரும். அந்தப் பயம் இங்கே வேண்டியதில்லை. ஜப்பானியத் தொலைக்காட்சி ஆண்டை ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு தவணையாகப் பிரித்து வைத்திருக்கிறது. தவணைக்கு 'கூரு' என்று பெயர். இரவு ஒன்பது, பத்து மணித் தொடர் ஒரு கூருவுக்குள்ளேயே, பெரும்பாலும் 10 அல்லது 11 எபிசோடில், தொடங்கி முடிந்துவிடும். ஒரு மணி நேர இடத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது சுமார் 45 நிமிடம். பதினொன்றையும் கூட்டினால் எட்டேகால் மணி நேரம். நள்ளிரவுத் தொடர் 25 நிமிடம் வீதம் பத்து என்றால் நான்கு மணி நேரத்தில் முடிந்தது. ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் காலைத் தொடர் 15 நிமிடம் வீதம் ஆறு மாதம் ஓடும். 2013-இல் வந்த 'அமா-சான்' 156 எபிசோடு, அதாவது 39 மணி நேரம். ஞாயிறு இரவு வரும் சரித்திரத் தொடரான 'தைகா' ஓராண்டு ஓடும். 48 எபிசோடு என்றால் 36 மணி நேரம். படம் இரண்டு மணி நேரத்தில் ஆளை விட்டுவிடும், குரோசவாவின் 'செவன் சாமுராய்' போல 207 நிமிடம் உட்கார வைக்காத வரை.

முதல் தேர்வு எது என்று கேட்டால், நான் தயங்காமல் சொல்வது அந்தப் பத்து எபிசோடுத் தொடரைத்தான். ஜப்பானியர் அலுவலகத்தில் எப்படிப் பேசுகிறார்கள், வீட்டில் எதைப் பேசாமல் விடுகிறார்கள், சாப்பாட்டு மேசையில் எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்பதெல்லாம் அங்கே சாவகாசமாகக் கிடைக்கும்.

தேடும்போது நடிகர் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடரின் தரத்தைத் தீர்மானிப்பது திரைக்கதை எழுதுபவர். படத்துக்கு இயக்குநர் பெயரைச் சொல்வது போல அங்கே தொடருக்கு எழுத்தாளர் பெயரைச் சொல்வார்கள். சகாமோதோ யூஜி, நோகி அகிகோ, மிதானி கோகி, குதோ கன்குரோ என்ற நான்கு பெயர்களைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும், நட்சத்திர முகத்தை மட்டும் நம்பி எடுத்த தொடர்களில் பாதியைத் தவிர்த்துவிடலாம்.

சகாமோதோ யூஜியின் 'குவார்டெட்' 2017-இல் டி.பி.எஸ். தொலைக்காட்சியில் 10 எபிசோடாக வந்தது. கருயிசாவா மலையூரில் ஒரு வீட்டில் தங்கி வயலின், வியோலா, செல்லோ வாசிக்கும் நான்கு பேரின் கதை. முதல் எபிசோடிலேயே ஒரு தட்டு நிறையப் பொரித்த கோழி மேசைக்கு வருகிறது. இருவர் யாரையும் கேட்காமல் எலுமிச்சையைப் பிழிந்துவிடுகிறார்கள். மூன்றாமவருக்குத் தாங்கவில்லை. பிழிந்ததைத் திரும்ப எடுக்க முடியாது, மொறுமொறுப்பு போனது போனதுதான், கேட்டிருக்க வேண்டாமா என்று வாதாடுகிறார். "போடட்டுமா?" என்று கேட்பதே எதிராளியை வேண்டாம் என்று சொல்லவிடாமல் செய்யும் கேள்வி என்பது வரைக்கும் பேச்சு போகிறது. பார்க்கிறவருக்கு இது சிரிப்பு. பிற்பாடு நான்காமவள் தன் கணவனைப் பற்றிச் சொல்கிறாள். அவன் எலுமிச்சை பிடிக்காது என்று வேறொருவரிடம் சொன்னதைத் தற்செயலாகக் கேட்டுவிட்டாள். அதுவரை வீட்டில் அவன் தட்டில் பிழிந்துகொண்டே இருந்தவள் அவள். கோழித்துண்டில் ஆரம்பித்த பேச்சு ஒரு திருமணத்தின் விரிசலில் போய் நிற்கிறது. இரண்டு மணி நேரப் படத்தில் எலுமிச்சைக்கு இவ்வளவு நிமிடம் ஒதுக்க எந்தத் தயாரிப்பாளரும் சம்மதிப்பது கடினம். தொடரின் பலம் இந்த விசாலம்தான்.

அதன் பலவீனமும் அங்கிருந்தே வருகிறது. வாரத்துக்கு ஒரு முறை, விளம்பரத்துக்கு நடுவே, பாத்திரம் கழுவிக்கொண்டே பார்ப்பவருக்காக எடுத்தது இது. அதனால் இடைவேளைக்குப் பிறகு முந்தைய காட்சியைக் கொஞ்சம் திரும்பக் காட்டுவார்கள். இரண்டு வாரத்துக்கு முன் நடந்ததை நினைவுக் காட்சியாக மறுபடி ஓட்டுவார்கள். மனதில் நினைப்பதைப் பாத்திரம் வாய்விட்டே சொல்லும். அதிர்ச்சி என்றால் முகம் நிறைய அதிர்ச்சி, கூடவே இசையும் ஏறும். ஒரே மூச்சில் ஆறு எபிசோடு ஓட்டுகிறவருக்கு இவை சலிப்பூட்டும், 'ஓவர் ஆக்டிங்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். நாளைக்கு இரண்டு எபிசோடுக்கு மேல் வேண்டாம் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். அந்த அளவில் பார்த்தால் திரும்பக் காட்டுவது உறுத்தாது.

இன்னொன்று: 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற கணக்கு இங்கே சரிப்படாது. முதல் எபிசோடைப் பல நேரம் வழக்கத்தைவிட 15 நிமிடம் வரை கூடுதலாக நீட்டி, ஆட்களைப் பிடித்து வைப்பதற்காக எல்லாவற்றையும் அதில் திணித்துவிடுவார்கள். தொடரின் உண்மையான நடை இரண்டாவது எபிசோடில்தான் தெரியும். அதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எட்டு மணி நேரத்துக்குள்ளும் இரண்டு வகை உண்டு. இகெய்தோ ஜுன்னின் நாவல்களை வைத்து 2013-இல் வந்த 'ஹன்சாவா நாவோகி' ஒரு வங்கி அதிகாரியின் பழிவாங்கும் கதை. முதல் ஐந்து எபிசோடு ஒசாகா, அடுத்த ஐந்து தோக்கியோ. ஏறத்தாழ இரண்டு தனித்தனிக் கதைகள். கடைசி எபிசோடுக்கு, தோக்கியோவை உள்ளடக்கிய கான்தோ வட்டாரத்தில் 42.2 சதவீதப் பார்வையாளர் கிடைத்தார்கள். நேரம் குறைவு என்றால் ஐந்தோடு நிறுத்திக்கொள்ளலாம், கதை தொங்காது. நோகி அகிகோ எழுதிய 'அன்நேச்சுரல்' 2018-இல் வந்தது, 10 எபிசோடு. பிணக்கூறாய்வு நிபுணர்களின் கதை. எபிசோடுக்கு ஒரு மரணம், ஒரு விடை. அடியில் ஒரு பழைய கொலையின் இழை ஓடிக் கடைசியில் கட்டப்படுகிறது. நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனாலும் திரும்ப வந்து உட்கார முடியும். வேலை நெருக்கடியில் இருப்பவருக்கு 'குவார்டெட்' போன்ற நெடுங்கதையைவிட இந்த அமைப்பே தோது. இழையை மறந்துவிட்டு 'குவார்டெட்'டுக்குத் திரும்பினால் பாதி வசனம் வெறும் அரட்டையாகத் தெரியும்.

ஒரே கதையைப் படமாகவும் தொடராகவும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவருக்கு, யமசாகி தோயோகோவின் 'ஷிரோய் கியோத்தோ' நாவலைப் போல வாய்ப்பான இன்னொன்றைக் காண்பது அரிது. ஒசாகாவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனை, பேராசிரியர் பதவிக்குத் துடிக்கும் அறுவைசிகிச்சை நிபுணர் ஸாய்சென். 1966-இல் யமமோதோ சத்சுவோ இதை 150 நிமிடக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தார். 2003 அக்டோபரில் ஃபூஜி தொலைக்காட்சியில் இரண்டு கூருவுக்கு, 21 எபிசோடாக வந்தது. பேராசிரியர் நோயாளிகளைப் பார்க்க வரும்போது பின்னால் வரிசையாக வெள்ளைக் கோட்டுகள் நடைபாதை முழுக்க நிரம்பி வருவது இந்தக் கதையின் அடையாளக் காட்சி. படத்தில் அது அதிகாரத்தின் ஒரு படிமம், பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தொடரில் அதே ஊர்வலம் திரும்பத் திரும்ப வருகிறது, முன்னால் நடப்பவர் மாறுகிறார், பின்னால் யார் யாருக்கு அடுத்து வருகிறார் என்பதைப் பார்த்தே அந்த வாரத்து அரசியலைப் படித்துவிடலாம்.

பதவித் தேர்தலின் விறுவிறுப்பு மட்டும் போதும் என்றால் படமே மேல். கூர்மையும் வேகமும் அதில்தான். ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். படம் வந்தபோது நாவலின் தொடர்ச்சிப் பகுதி எழுதப்படவே இல்லை. எனவே படம் முதல் தீர்ப்போடு முடிகிறது. ஸாய்சென்னுக்கு அப்புறம் என்ன ஆகிறது என்பது தொடரில்தான் உண்டு. 'இவ்வளவுதானா?' என்று படத்தின் முடிவைக் குறை சொல்பவர்கள் இதை அறியாமல் சொல்கிறார்கள்.

இதற்கு நேரெதிரான உதாரணம் 2004-இல் வந்த காதல் கதை. கதாயாமா கியோஇச்சியின் 'செகாச்சூ' நாவல் அந்த மே மாதம் 138 நிமிடப் படமாகவும், ஜூலையில் 11 எபிசோடுத் தொடராகவும் வந்தது. இரத்தப் புற்றுநோய் கண்ட பள்ளி மாணவி, அவளும் காதலனும் பரிமாறும் கேசட் நாடாக்கள். படத்துக்காகவே கதாநாயகனின் இப்போதைய வருங்கால மனைவி என்ற பாத்திரத்தை விரித்துச் சேர்த்தார்கள். அது கதையைச் சுருக்கிக் கட்டுகிறது. தொடரிலோ நோயும் மருத்துவமனையும் பல வாரம் நீள்கின்றன. அழுவதற்காகவே பார்க்கிறேன் என்பவருக்குத் தொடர் சரி. மற்றவர்களுக்குப் படமே போதும். துயரக் கதைக்கு நீளம் கூடினால் கனம் கூடும் என்பதில்லை.

இனி நள்ளிரவுத் தொடர்கள். பணமும் நேரமும் குறைவாக ஒதுக்கப்படும் இந்த இடத்தில்தான் ஜப்பானியத் தொலைக்காட்சி நிம்மதியாக மூச்சு விடுகிறது. 2009-இல் தொடங்கிய 'ஷின்யா ஷோகுதோ' ஷின்ஜுகுவின் சந்தில் நள்ளிரவு 12 முதல் காலை 7 வரை திறந்திருக்கும் சின்ன உணவகம். பட்டியலில் பன்றியிறைச்சி சூப் சாப்பாடு ஒன்றுதான். மது ஆளுக்கு மூன்றுக்கு மேல் கிடையாது. மற்றபடி கேட்டதை, பொருள் இருந்தால், கடைக்காரர் செய்து தருவார். ஒரு எபிசோடு, ஒரு பண்டம், ஒரு ஆள். இதில் புதியவர் குழம்புவது வரிசையைப் பற்றித்தான். 2009, 2011, 2014 என மூன்று தொலைக்காட்சிச் சீசன், இரண்டு திரைப்படம், நெட்ஃபிளிக்ஸ் தயாரித்த 2016, 2019 சீசன்கள் என்று பரவிக் கிடக்கிறது. நெட்ஃபிளிக்ஸில் 'தோக்கியோ ஸ்டோரீஸ்' என்ற பெயரோடு இருப்பது உண்மையில் நான்காவதும் ஐந்தாவதும். கவலை வேண்டாம், எங்கிருந்து தொடங்கினாலும் குறை இல்லை. சாப்பாட்டுத் தொடர் வேண்டும், சோகம் வேண்டாம் என்றால் 2012-இல் தொடங்கிய 'கொதோகு நோ குருமே'. ஒருவர் வேலை நிமித்தம் போகிறார், பசிக்கிறது, உண்மையிலேயே இருக்கும் ஒரு கடையில் நுழைந்து தனியாகச் சாப்பிடுகிறார். வேறெதுவும் நடக்காது. வெறும் வயிற்றோடு பார்க்கக் கூடாது.

காலைத் தொடரையும் தைகாவையும் முதல் தேர்வாக யாருக்கும் சொல்ல மாட்டேன். வழக்கமான ஆறு மாதத்தைத் தாண்டி ஓராண்டு ஓடிய 1983-84-இன் காலைத் தொடர் 'ஒஷின்' 297 எபிசோடு, சராசரியே 52.6 சதவீதப் பார்வையாளர். இலங்கையில் ரூபவாகினியில் சிங்களத்தில் பார்த்து வளர்ந்த தலைமுறை உண்டு. ஆனால் தினம் 15 நிமிடமாக ஓராண்டு பார்ப்பதற்குச் செய்ததை இன்று மொத்தமாக விழுங்க முயன்றால் திகட்டும். ஆசை இருந்தால் ஒரு வழி இருக்கிறது. காலைத் தொடரின் கதை வார அலகில் கட்டப்பட்டது. திங்களன்று ஒரு சிக்கல் முளைத்து வாரக் கடைசியில் அவிழும். ஒரு வாரத்தை ஒரு படமாக எண்ணி, 75 அல்லது 90 நிமிடம், ஒரே அமர்வில் பாருங்கள். எபிசோடு எண்ணிக்கை பார்த்து நிறுத்தினால் எப்போதும் பாதியில்தான் நிற்பீர்கள். 2020-க்கு முன் வாரத்துக்கு ஆறு எபிசோடு, அதன் பிறகு ஐந்து.

தைகாவில் இடறுவது பெயர்கள். மிதானி கோகியின் 2022 தொடரான 'கமகுரா-தோனோ நோ 13-நின்'னில் யோரிதோமோ என்று சப்டைட்டில் காட்டுகிற ஆளை நடிகர்கள் 'சுகே-தோனோ' என்பார்கள், பிறகு 'கமகுரா-தோனோ' என்பார்கள். யோஷித்சுனே, யோஷிதோகி, யோஷிமுரா, யோஷிமோரி என்று பெயர்கள் வேறு. முதல் நான்கு எபிசோடுக்கு ஒரு தாளில் வம்சப் படம் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிரமத்துக்குப் பலன் உண்டு. 36 மணி நேரத்தில் ஒரு வெள்ளந்தியான இளைஞன் படிப்படியாகக் கல்லாவதைப் படத்தில் காட்டவே முடியாது.

படங்களுக்கு வருவோம். பெரும்பாலான பட்டியல்கள் ஓஸுவின் 'தோக்கியோ ஸ்டோரி'யை முதலிடத்தில் வைக்கின்றன, புதியவரும் அதையே முதலில் எடுக்கிறார், இருபது நிமிடத்தில் மூடிவிடுகிறார். படத்தில் குறை இல்லை, எடுத்த வரிசைதான் பிழை. 1953-இல் வந்த அந்த 136 நிமிடப் படத்தில், ஒனொமிச்சியிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்த வயதான பெற்றோரைப் பிள்ளைகள் அத்தாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். யாரும் கத்துவதில்லை. காமிரா பாயில் உட்கார்ந்தவர் கண்மட்டத்துக்கும் கீழே அசையாமல் இருக்கிறது. பெரிய சம்பவங்கள் தந்தியாக வந்து சேர்கின்றன. என்ன கவனிக்க வேண்டும் என்று தெரியாமல் உட்கார்ந்தால் எதுவும் நடக்காத படமாகவே அது தெரியும்.

அதற்கு முன் இயக்குநர் கொரே-எதாவின் படங்களைப் பாருங்கள். 2018-இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வென்ற 'ஷாப்லிஃப்டர்ஸ்' எல்லோரும் அறிந்தது. ஆனால் தொடக்கத்துக்கு உகந்தது 2008-இன் 'ஸ்டில் வாக்கிங்', இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. மூத்த மகனின் நினைவு நாளுக்கு ஒரு குடும்பம் கூடுகிறது. ஒரே ஒரு நாள். கிகி கிரின் நடித்த தாய் சோளத்தை உதிர்த்து எண்ணெயில் பொரிக்கிறாள், வெடிக்கும் சத்தம், பேச்சு, சிரிப்பு. மூத்த மகன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய பையன் ஆண்டுதோறும் அந்த வீட்டுக்கு வருகிறான். பாவம், இனி கூப்பிட வேண்டாமே என்று இளைய மகன் சொல்லும்போது, வருஷத்துக்கு ஒரு நாளாவது அவன் கஷ்டப்பட வேண்டும், அதற்காகத்தான் கூப்பிடுகிறேன் என்கிறாள் தாய், கை பின்னல் வேலையை விடாமல். படம் முழுக்க நாம் அன்பாகக் கண்ட அதே முகம். இதை ஒருமுறை பார்த்துவிட்டவர் ஓஸுவிடம் போனால் அங்கே கண் எதைத் தேட வேண்டும் என்று தானாகத் தெரியும்.

குரோசவாவுக்கு 88 நிமிட 'ரஷோமோன்' நல்ல வாசல். 'செவன் சாமுராய்' நடுவிலேயே இடைவேளை அட்டை இருக்கிறது. அங்கே நிறுத்தி மறுநாள் தொடர்வதில் பாவம் இல்லை. ஹமகுச்சியின் 'டிரைவ் மை கார்' 179 நிமிடம், எழுத்துகள் ஓடுவதே ஏறத்தாழ 40 நிமிடம் கழித்துத்தான். அதுவரை பார்த்தது முன்கதை என்று தெரிந்து உட்காருங்கள். இவற்றைக் கைபேசியில் பார்க்க வேண்டாம். தொடரில் முகமும் வசனமும் கதையைத் தூக்கிப் போகும், சின்னத் திரை பொறுக்கும். இந்தப் படங்களில் அறையின் ஓரத்தில் யார் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் கதை.

தவிர்க்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. வெற்றி பெற்ற தொடருக்குப் பின் வரும் 'கெகிஜோபன்', அதாவது திரையரங்கப் பதிப்பு. 1997-இன் 'ஒதோரு தாய்சோசாசென்' போலீஸ் தொடரின் இரண்டாவது படம் 2003-இல் 1,735 கோடி யென் வசூலித்து, அனிமேஷன் அல்லாத ஜப்பானியப் படங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முதலிடத்தில் இருந்தது. வசூலைப் பார்த்து அதை நேராக எடுத்தால், எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே புரியாது. பதினொரு எபிசோடின் உறவுகளை அது தெரிந்ததாகவே வைத்துக்கொள்கிறது. இதற்கு விலக்கு 2024-இன் 'லாஸ்ட் மைல்'. 'அன்நேச்சுரல்' ஆட்கள் அதில் தலைகாட்டினாலும், இணைய விற்பனைக் கிடங்கிலிருந்து போகும் பார்சல்கள் வெடிக்கும் கதை தனியே நிற்கிறது. தொடரின் 'எஸ்.பி.' என்று பட்டியலில் இருப்பது சிறப்பு எபிசோடு. பெரும்பாலும் தொடருக்குப் பிந்தையது, முதலில் ஓட்டிவிடாதீர்கள்.

படமோ தொடரோ, ஒலியை ஜப்பானியத்திலேயே வையுங்கள். தமிழ் காதுக்கு இதில் தனி லாபம் இருக்கிறது. ஜப்பானிய வாக்கியமும் நம்முடையது போல வினையில் முடியும். 'இகிமாசு' என்றால் போகிறேன், 'இகிமாசென்' என்றால் போகவில்லை. ஆமாம், இல்லை என்பது கடைசி அசையில்தான் தெரியும். நடிகர் அந்த அசைக்கு முன் நிறுத்தி நம்மைக் காக்க வைப்பார். ஆங்கில சப்டைட்டில் 'இல்லை'யை வரியின் முன்பக்கமே போட்டு விஷயத்தை உடைத்துவிடும். வரியை வேகமாகப் படித்துவிட்டு முகத்தைப் பாருங்கள், அந்த நிறுத்தம் பிடிபடும். மரியாதையும் அப்படித்தான். நீ, நீங்கள் என்ற மாற்றம் ஆங்கிலத்தில் காணாமல் போகும். பெயருக்குப் பின்னால் 'சான்' இருக்கிறதா, எப்போது குடும்பப் பெயரை விட்டுச் சொந்தப் பெயருக்கு வருகிறார்கள் என்று காதால் கேட்டால், சப்டைட்டில் சொல்லாத நெருக்கம் தெரியும். 2016-இன் 'நிகேஹாஜி' தொடரில் சம்பளம் வாங்கி வீட்டு வேலை செய்யும் ஒப்பந்த மனைவியும் கணவனும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்குவதே பெரிய நிகழ்ச்சி.

இத்தனைக்குப் பிறகும் படமா தொடரா என்று முடிவுக்கு வர முடியாதவர் 'அசுரா'வை எடுக்கலாம். முகோதா குனிகோ என்.எச்.கே.வுக்கு 1979-80-இல் ஏழு எபிசோடாக எழுதிய கதை. 2003-இல் மொரிதா யோஷிமித்சு 135 நிமிடப் படமாக்கினார். 2025 ஜனவரியில் கொரே-எதா அதே ஏழு எபிசோடாக நெட்ஃபிளிக்ஸுக்கு எடுத்தார். சினிமா இயக்குநரின் கண், தொலைக்காட்சியின் விசாலம், இரண்டும் ஒரே இடத்தில். எபிசோடுக்குச் சுமார் ஒரு மணி நேரம். முதியவரான தந்தைக்கு வேறொரு பெண்ணும் ஒரு குழந்தையும் இருப்பதை நான்கு சகோதரிகள் கண்டுபிடிக்கிறார்கள். அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று பதறுகிறார்கள். அம்மா குழந்தைப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி கணவனின் கோட்டைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். பையிலிருந்து ஒரு பொம்மைக் கார் கையில் தட்டுப்படுகிறது. பாட்டு நிற்கிறது. காரைக் காகிதக் கதவின் மேல் வீசி எறிகிறாள், கதவில் ஓட்டை விழுகிறது. மகள்கள் யாரும் அந்த அறையில் இல்லை.